கண்ணாடிக்கு ஆவி பிடித்த நாள்

இந்த மாதக் கடைசியில் நம் கார் ஷெட்டின் சர்வீஸ் மேசையை உங்கள் இருவரிடமும் விட்டுவிட்டு நான் கரூருக்குக் கிளம்புகிறேன். கணவருக்கு அங்கே மாற்றல். போவதற்கு முன்னால் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் மேனேஜர். பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலை முழுக்க நரைத்திருக்க வேண்டும். எனக்கு நாலைந்து நரைதான் இருக்கிறது. அதில் பாதி இந்த மேசை கொடுத்தது, மீதி யு.கே.ஜி. படிக்கும் என் மகன் கொடுத்தது. அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

பிரேக் பார்ப்பது, ஆயில் மாற்றுவது, எஸ்டிமேட் சொல்வது எல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். பயிற்சியில் வராதது ஒன்று உண்டு. மேசைக்கு எதிரே உட்காரும் ஆள் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வேறொன்றைக் கேட்பார். அது எது என்று நமக்குப் புரிவதற்குள் அவர் டீயைக் குடித்து முடித்திருப்பார். எனக்கு அதைப் புரியவைத்தது ஒரு காரின் பின்கண்ணாடி.

பின்கண்ணாடியில் குறுக்குக் குறுக்காகக் காவி நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடுமே, அதைப் பார்த்திருப்பீர்கள். டிஃபாகர். பட்டனைத் தட்டினால் கோடுகள் சூடாகி, கண்ணாடியில் படிந்த பனியைக் கலைக்கும். நம் திண்டுக்கல்லில் அதை யாரும் தொட்டதில்லை. இங்கே கண்ணாடியைச் சூடாக்க வெயிலே போதும். அது ரேடியோ ஏரியல் என்று நம்புகிறவர்கள் உண்டு. கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்கப் போட்ட கம்பி என்று எனக்கே பாடம் எடுத்தவர்களும் உண்டு. நம் எலக்ட்ரீசியன் அண்ணன் அதற்கு 'அணில் கோடு' என்று பெயர் வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அணில் கோடு வேலை செய்யவில்லை என்று யாரும் நம்மிடம் வண்டியை விட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கீரனூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கூடவே அவருடைய மகள். நர்ஸ் படிப்பு முடித்த பெண். அவர்களுடைய சின்னக் காரை நம் ஷெட்டில் நிறுத்திவிட்டு இருவரும் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க அம்மிணி, பின்னாடி கண்ணாடியில பனி கலைக்கற கம்பி இருக்குதுங்களே, அது வேலை செய்யறதில்லைங்க" என்றார் அவர்.

நான் கணினியில் தேடினேன். புகார்களின் வரிசையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். இருந்தது.

"வேற ஏதாவது பார்க்கணுமா ஐயா?"

"வேற எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. இது ஒண்ணுதானுங்க. ரொம்பப் பழைய வண்டி பாருங்க, இதெல்லாம் சரியாகாதுன்னு நெனைக்கறேனுங்க." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. புகார் கொடுக்க வந்தவருக்கு அவ்வளவு நல்ல மனநிலை இருந்து நான் பார்த்ததில்லை.

மகள் குறுக்கே புகுந்தாள். "அக்கா, நான் சொல்றேனுங்க. மலை மேல ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். காலையில அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார்ல போறேன்னு சொன்னேன். கார்ல எல்லா பட்டனும் வேலை செஞ்சா நீ தாராளமா ஓட்டிட்டுப் போ கண்ணுன்னு சித்தப்பா, சித்தி, அக்கம்பக்கம் எல்லார் முன்னாடியும் அப்பா வாக்குக் கொடுத்தாருங்க. ஹாரன், வைப்பர், லைட்டு, ஜன்னல் எல்லாம் ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்தாரு. எல்லாம் வேலை செஞ்சுது. கடைசியா இதைக் கண்டுபிடிச்சாரு."

"வாக்குன்னா வாக்குத்தானுங்களே" என்றார் அப்பா. "பட்டன் வேலை செஞ்சா திங்கக்கெழமையே போகட்டும். செய்யலைன்னா அந்த வேலையே வேணாமுங்க. நம்ம ஊர்ல இல்லாத ஆஸ்பத்திரியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வண்டியைச் சரிசெய்ய வரவில்லை. 'சரியாகாது' என்று நம் வாயால் சொல்ல வைக்க வந்திருக்கிறார். திண்டுக்கல்லில் எந்த ஷெட்டும் அணில் கோட்டுக்காக மெனக்கெடாது என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார். கணக்கும் ஏறக்குறைய சரிதான். எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏம்மா தங்கச்சி, அம்புட்டு வேலை கெடக்கு. இதைப் போயி எவன் பாப்பான்? கண்ணாடியவே மாத்தணும், வர்றதுக்கு மாசக்கணக்காகும்னு சொல்லி அனுப்பி விடு."

"அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணு வேலைக்குப் போக முடியாதுண்ணே."

"ஓ." அவர் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் காரின் பின்கண்ணாடியைத் தாவணி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்தால் சரியாகிவிடும் என்பது போல. "சரி, செத்த நேரம் பொறு. வாரேன்."

சோதித்ததில் மின்சாரம் கண்ணாடி வரை ஒழுங்காக வந்தது. அப்படியென்றால் கோடுகளில்தான் எங்கோ அறுந்திருக்க வேண்டும். அறுந்த இடம் மயிரிழை அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கண்ணாடியில் பனி படிய வைத்துப் பட்டனைப் போட்டால், நல்ல கோடுகள் தங்களைச் சுற்றிப் பனியைக் கலைத்துவிடும். அறுந்த கோடு மட்டும் பனியோடு நிற்கும்.

சுலபம்தான். ஆனால் திண்டுக்கல்லில், உச்சி வெயிலில், பனிக்கு எங்கே போவது?

முதலில் வண்டியை வாட்டர் வாஷ் கொட்டகை நிழலில் நிறுத்தினோம். கண்ணாடி கொதித்துக்கொண்டிருந்தது. உடனே தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுமோ என்று பயந்து, தானாக ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு வெளியே ஈரச் சாக்கைப் போர்த்தினோம். அண்ணனும் இரண்டு ஃபிட்டர்களும் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பின்கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்து ஊதினார்கள்.

"இன்னும் நல்லா ஊதுங்கலே!"

"அண்ணே, காலையில நீங்க புரோட்டா சால்னாவா தின்னீங்க? உள்ள இருக்க முடியல!"

"பேசாம ஊதுலே. பேசுனா பனி போயிரும்."

ஒரு கையகலத்துக்கு மங்கியது. பட்டனைப் போடுவதற்குள் அதுவும் காய்ந்தது. மூவரும் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்கள். கீரனூர்க்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "பாவம், விடுங்க. ஊதி ஊதி அவங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுதுங்க."

எனக்கு அப்போதுதான் என் கைப்பை ஞாபகம் வந்தது. மகனுக்கு இரண்டு நாளாகச் சளி. அன்று காலை வரும் வழியில் நாகல் நகரில் ஒரு மருந்துக்கடையில் ஆவி பிடிக்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தேன். பிளாஸ்டிக்கில், மூக்கை வைக்கக் கூம்பு போட்டு வருமே, அது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. குழந்தைக்கு வாங்கியதைக் காருக்கு வைக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். கிரீஸ் படுமோ, கெட்டுப்போகுமோ, மாலையில் கடை மூடியிருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்தேன். அதற்குள் அண்ணன் பெட்டியைப் பிரித்துவிட்டார்.

ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து, கருவியைப் பின்சீட்டுக்குப் பின்னால் பலகை மேல் வைத்து, கூம்பைக் கழற்றிவிட்டு ஓட விட்டோம். புசுபுசுவென்று ஆவி கிளம்பியது.

கீரனூர்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஏனுங்க, காருக்குச் சளிங்களா?"

"ஆமாங்கய்யா. நெஞ்சுச் சளி" என்றார் அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல். "தைலம் இருந்தா ரெண்டு சொட்டுக் குடுங்க."

கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. அந்தப் பெண் பட்டனைத் தட்டினாள். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மேலே ஒரு கோடு தெளிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. கீழே மூன்று கோடுகள் மட்டும் பனிக்குள்ளேயே கிடந்தன. அண்ணன் மின்சாரம் சோதிக்கும் மீட்டரின் முனையை அந்த மூன்றிலும் மெல்ல நகர்த்தி, அறுந்த இடங்களை மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே சாய்வில் ஒரு கீறல்.

"நீளமா ஏதோ ஒண்ணு உள்ளருந்து குத்தி ஒரசியிருக்கு" என்றார் அண்ணன். "ஐயா, வண்டியில எதுவும் சாமான் ஏத்துவீகளா?"

"சாமானுங்களா? அந்தப் பழக்கமே நமக்கு இல்லீங்க. கோயிலு, கல்யாணம், அதோட சரி. வீட்டுக் காரு பாருங்க."

அண்ணன் டிக்கியில் விரித்திருந்த விரிப்பைத் தூக்கினார். ஓரத்து இடுக்கில் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மெல்லிய இறக்கை ஒட்டிய ஒரு முருங்கை விதை. பக்கத்திலேயே இன்னும் சில கிடந்தன.

மகள் இடுப்பில் கை வைத்தாள். "அப்பா! ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இதுலதான் முருங்கைக்காய் போச்சா?"

"ஒரே ஒரு தடவைதான் கண்ணு. டெம்போக்காரன் வல்லே."

"ஒரு தடவையா?"

"டெம்போக்காரன் அடிக்கடி வல்லே கண்ணு."

ஷெட்டே சிரித்தது. கட்டுக் கட்டாக நெடுக அடுக்கி, டிக்கிக் கதவை அழுத்திச் சாத்தியிருக்கிறார். வண்டி குலுங்கும்போதெல்லாம் காம்பு முனைகள் கண்ணாடியில் உரசி உரசிக் கோடுகளை அறுத்திருக்கின்றன. மகள் மலைக்குப் போவதைத் தடுக்கக் கிடைத்த ஒரே ஓட்டை அவரே போட்டது என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அண்ணன் ஊருக்குள் போய், மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்ட் ஒரு சின்னக் குப்பி தேடிப்பிடித்து வாங்கி வந்தார். கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, அறுந்த இடங்களில் கண்மை தீட்டுவது போலத் தீட்டினார். காய்வதற்காக வண்டியை நம்மிடமே விட்டுவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை காலை நான் வந்ததும் முதல் வேலையாக ஆவி விட்டுப் பார்த்தோம். எல்லாக் கோடுகளும் தெளிந்தன. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அண்ணன் சலித்துக்கொண்டார். "ஏத்தா, கண்ணாடிக்கே மூச்சு முட்டும், போதும்."

இனிமேல்தான் கவனிக்க வேண்டியது வருகிறது.

மகள் வருவதற்கு முன்பே கீரனூர்க்காரர் தனியாக வந்துவிட்டார். அவள் பேருந்து நிலையத்தில் ஏதோ வாங்கிக்கொண்டு வருகிறாள் என்றார். வண்டியைச் சும்மா பார்க்கிறேன் என்று ஷெட்டுக்குள் போனார். நான் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவர்களுக்கு ஏதோ விளையாட்டு நாள். மகன் காலையில் தும்மிக்கொண்டே போனான். தொப்பி போட்டிருக்கிறானா என்று கேட்டேன். போட்டிருக்கிறான் என்றார் டீச்சர். போன தடவை ஃபோன் செய்தபோதும் போட்டிருந்தான் என்று பொறுமையாகச் சேர்த்துக்கொண்டார்.

மகள் வந்தாள். வண்டியை ஒப்படைக்கும் நேரம். மேனேஜரும் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். அணில் கோடு சரியானதைப் பார்க்க அவருக்கும் ஆசை. ஆவி விட்டோம். வெள்ளையாக மூடியது. பட்டனைத் தட்டினாள். பட்டனில் விளக்கு எரிந்தது.

பனி கலையவில்லை. ஒரு கோடுகூட.

காத்திருந்தோம். கருவி புசுபுசுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கோடுகூட அசையவில்லை.

"என்னப்பா இது? சரியாயிருச்சுன்னு சொன்னீங்க?" என்று மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். "பார்க்காம எதுக்கு டெலிவரிக்குக் கூப்பிடுறீங்க?"

அண்ணனுக்கு முகம் இருண்டுவிட்டது. "இப்பத்தான் சார் பாத்தோம். தங்கச்சிய வேணா கேளுங்க."

எனக்கோ காலையில் பார்த்தது உண்மைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தடவை பார்த்தேனே. இரண்டாவது தடவை பட்டனைப் போட்டோமா, இல்லை தானாகக் காய்ந்ததா? வீட்டில் கேஸை அணைத்தேனா என்ற சந்தேகம்கூட அதோடு சேர்ந்து வந்தது.

"சரி உடுங்க. நம்ம ராசி அப்படி" என்றார் கீரனூர்க்காரர். குரலில் அனுதாபம் வழிந்தது. "நீங்க பாடுபட்டீங்க. அதுக்கு மேல என்னுங்க பண்றது?"

அந்தப் பெண் கையில் ஒரு பை வைத்திருந்தாள். அதற்குள் புதிய வெள்ளைக் காலணி. அதைத்தான் பேருந்து நிலையத்தில் இறங்கி வாங்கியிருக்கிறாள். பையின் வாயைச் சுருட்டி மூடிக்கொண்டாள்.

எல்லாரும் பேசும்போது நாம் பேசாமல் வண்டியைப் பார்ப்பது நல்லது. இது நான் தைரியத்தால் கற்றதில்லை. பேச வாய் வராததால் பார்த்தேன். டிக்கிக் கதவைத் தூக்கி, கண்ணாடியின் ஓரத்தில் ஒயர் வந்து சேரும் இடத்தைத் தேடினேன். கறுப்பு கிளிப் ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கமான கிளிப் அது. தானாகக் கழலாது. இழுத்தால்தான் வரும். அதன் கறுப்பின் மேல் வெள்ளையாக இரண்டு விரல் பதிவுகள்.

மோந்து பார்த்தேன். திருநீறு.

உங்களுக்கு எப்படியோ, எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. என் தப்பு இல்லை, அண்ணன் தப்பும் இல்லை. இரண்டாவதாகச் சிரிப்பு வந்தது. மூன்றாவதாகத்தான் கோபம். அங்கேயே கிளிப்பைத் தூக்கிக் காட்டி, "இது யார் வேலை?" என்று கேட்டிருக்கலாம். மேனேஜர் முன்னால் அண்ணன் மானம் தப்பியிருக்கும். ஆனால் அந்த அப்பா, மகள் முன்னால், நான்கு ஃபிட்டர்கள் முன்னால் கூனிக் குறுகியிருப்பார். அதன் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் எப்படிக் கீரனூர் வரை போவாள்?

கிளிப்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். "ஐயா, நீங்க மட்டும் செத்த இப்படி வாங்க. உங்க முருங்கைக்காய் எப்படி அடுக்குவீங்கன்னு அண்ணனுக்கு ஒரு சந்தேகம்" என்றேன்.

அவர் வந்தார். டிக்கிக்குப் பின்னால், தூக்கிய கதவு எங்களை மறைத்தது. கையைத் திறந்து காட்டினேன். அவர் கிளிப்பைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷத்தில், நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"பழனி மலைத் திருநீறுங்களாய்யா?" என்றேன்.

"ஆமாங்க" என்றார் தரையைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கடகடவென்று பேசினார். "அம்மிணி, அந்த ரோடு எனக்குத் தெரியுமுங்க. வாழைக்காய் ஏத்த லாரியில போனவன் நான். பனி எறங்குச்சுன்னா நம்ம கையி நமக்குத் தெரியாதுங்க. எதுக்க பஸ் வந்தா பின்னாடி வாங்கோணும். பின்னாடி பள்ளம். இந்தப் புள்ளை வயக்காட்டுல வண்டி ஓட்டிப் பழகுனது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. நீங்களும் ஒரு கொழந்தையப் பெத்தவங்கதானுங்களே? கண்ணாடி சரியாகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. ஒரே வார்த்தைங்க."

சொல்லியிருப்பேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அரை மணி நேரம் முன்பு தொப்பிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தவள் நான். வேறு கண்ணாடி வர மாசக்கணக்காகும் என்றால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்தப் பெண் கீரனூரிலேயே இருப்பாள். இவர் நன்றாகத் தூங்குவார். நானும் தூங்குவேன்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று எனக்கு இடறியது.

"ஐயா, பின்னாடி வாங்கும்போது பள்ளம்னு சொன்னீங்க. அப்பத்தான் பின்கண்ணாடி தெளிவா இருக்கணும். இதைக் கழட்டிவிட்டுட்டு, திங்கக்கிழமை உங்க பொண்ணு பிடிவாதமா கிளம்பிட்டா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. அடக்கினால் அடங்கும் பெண் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறார். வெள்ளைக் காலணி வாங்கியது அவருக்குத் தெரியாது.

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீங்க செஞ்சதையும் சொல்ல மாட்டேன். இந்தாங்க, உங்க கையாலயே மாட்டுங்க."

கிளிப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்தார். முதல் தடவை சரியாக உட்காரவில்லை. இரண்டாவது தடவை 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கதவுக்கு வெளியே தலையை நீட்டி நான் கத்தினேன்.

"கண்டுபிடிச்சாச்சு! கிளிப் கழண்டிருக்கு. நம்ம ஆளுக யாரு கண்ணுக்கும் தெரியல. ஐயாதான் கண்டுபிடிச்சு மாட்டுனாரு!"

கீரனூர்க்காரர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அதில் நன்றியும் இருந்தது, நாலு வசவும் இருந்தது.

அண்ணன் கிட்டே வந்து கிளிப்பைப் பார்த்தார், அதன் மேலிருந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தார், ஐயாவின் நெற்றியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "ஆமா தங்கச்சி" என்றார் இழுத்து. "எனக்குத்தான் கண்ணு தெரியல. ஐயாவுக்குக் கை ராசி."

ஆவி விட்டோம். பட்டனைத் தட்டினாள். மேலிருந்து கீழே, மூன்று ஒட்டுக் கோடுகளும் சேர்த்து, பனி வரிவரியாகக் கலைந்தது. ஃபிட்டர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் போய் ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாக்குக் கொடுத்தவர், வாக்கை நிறைவேற்றியவர் எல்லாமே அவர்தான் என்று ஆகிவிட்டது. இனி அவரால் பின்வாங்க முடியாது.

"ஒரு நிபந்தனை கண்ணு" என்றார் மகளிடம், மிச்சம் இருந்த மரியாதையைத் திரட்டிக்கொண்டு. "மொத நாள் நானும் வருவேன்."

"வாங்கப்பா. முன்சீட்டுல உட்காருங்க."

"வேணாம் கண்ணு. பின்னாடியே உட்காந்துக்கறேன்."

சாவியை வாங்கும்போது அந்தப் பெண் என் காதருகே குனிந்தாள். "அக்கா, வீட்டுல ரெண்டு தடவை ஃப்யூஸைப் புடுங்கி வெச்சாருங்க. அவரு மாடு கட்டப் போனதும் நான் மாட்டிருவேன். இங்கயும் ஏதாவது செய்வாருன்னு தெரியும். கண்டுபிடிக்கறீங்களான்னு பார்த்தேன்." கண்ணடித்துவிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தாள். வாட்டர் வாஷ் தூணுக்கும் நம் டீ மேசைக்கும் நடுவில், கண்ணாடியைப் பார்த்தே, ஒரே மூச்சில் வெளியே போனாள். ஐயா அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று முழுவதும், மறுநாளும், நான் செய்தது சரியா என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை மேற்கே மலை மேல் மேகம் கட்டியது. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலை ஷெட்டுக்கு வந்து பையை வைப்பதற்குள் ஃபோன்.

"ஏனுங்க அம்மிணி!" கீரனூர்க்காரரின் குரல், இரைச்சலுக்கு நடுவில். "பட்டன் தானா அணைஞ்சு போச்சுங்க!"

பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. "பயப்படாதீங்க ஐயா. அது கொஞ்ச நேரத்துல தானா அணையும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. வேணும்னா மறுபடி போட்டுக்கலாம். கண்ணாடி எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்குதுங்க. ரோடு பூராத் தெரியுது. வளைவு, பாலம், கொரங்கு எல்லாம் தெரியுது."

"பனி இருக்கா?"

"பனிதானுங்க எல்லாம். இப்பத்தான் எதுக்க பஸ் வந்துச்சுங்க. புள்ளை அலுங்காமப் பின்னாடி வாங்கி ஒதுக்கிடுச்சு. நான் பாத்துட்டே இருந்தேனுங்க." பிறகு கொஞ்சம் தயங்கினார். "அடிவாரத்துல இருந்தே பின்கண்ணாடிப் பக்கம் திரும்பி மண்டி போட்டுத்தான் உட்காந்திருக்கேனுங்க. முன்னாடி பாக்கறதுக்குத்தான் எனக்குப் பயம். பின்னாடி நல்லா இருக்குது."

பின்னணியில் மகளின் குரல் கேட்டது. "அப்பா, ஃபோனை வெச்சுட்டு ஒழுங்கா உட்காருங்க! ஆஸ்பத்திரி வந்தாச்சு!"

இதில் பாடம் என்ன என்று மேனேஜர் கேட்பார். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வண்டியில் என்ன கோளாறு என்று கேட்பதோடு, அது சரியானால் யாருக்கு என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளைப் பிடித்துவிட்டால், ஊர் முன்னால் பிடிக்காதீர்கள். கதவைத் தூக்கி மறைத்துக்கொண்டு பிடியுங்கள். பெரிய பொய் சொல்லாமலும் ஒருவர் மானத்தைக் காப்பாற்றலாம். அதற்கு உங்களுக்குக் கொஞ்சம் குறும்பும், எலக்ட்ரீசியன் அண்ணனைப் போல வாயை மூடிக்கொள்ளும் ஓர் ஆளும் வேண்டும். நான் செய்தது முழுக்கச் சரிதானா என்று மழைக்காலம் வந்தால் இப்போதும் எனக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் இந்த மேசையில் உட்காரக் கூடாது என்றும் தோன்றுகிறது.

ஆவிக் கருவி கிரீஸ் வாடை ஏறிவிட்டதால் வீட்டுக்குப் போகவில்லை. மகனுக்கு வேறு வாங்கினேன். அது டூல்ஸ் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்தக் கார் இன்னும் நம்மிடம்தான் சர்வீசுக்கு வருகிறது. இனி உங்களிடம் வரும். டிக்கி விரிப்பைத் தூக்கினால் இடுக்கில் முருங்கை விதை கிடக்கும், டெம்போக்காரர் இன்னும் அடிக்கடி வருவதில்லை போலிருக்கிறது. அதே டிக்கியில், பின்கண்ணாடியின் உள்பக்கத்துக்கு அளவாக மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்த ஒரு பழைய வெள்ளை வேட்டி இருக்கும். காய் ஏற்றும்போது ஐயா கோடுகளுக்கு மேல் அதைக் கட்டிவிடுகிறார். கழுவும்போது அதை எடுத்து மடித்துப் பத்திரமாக வையுங்கள். மடிப்பில் திருநீறு பட்டிருக்கும், உதறிவிடாதீர்கள். காய் ஏற்றுவதை விட்டுவிட்டதாக மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார், அதனால் அந்த வேட்டி எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டாம்.